அடிக்காவலும் நாக்காவலும்

ஆற்றங்கரை வழியே நடந்து செல்வது மனிதருக்கு எளிதில் கிடைக்கும் இன்பங்களுள் ஒன்று. ஒரு புறம் நீர். மறு புறம் வயலும் தோப்பும். சற்று நடந்தால் ஓர் ஊர். ஊர்தோறும் ஒரு பழைய வரலாறு. குடகு மலையில் தலைக்காவிரியில் தோன்றி, ஏறத்தாழ 800 கிலோமீட்டர் ஓடி, பூம்புகாரில் கடலோடு கலக்கும் காவிரியின் கீழ்ப்பகுதி இத்தகைய நடைக்கென்றே அமைந்தது போன்றது. பூம்புகாரிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டால் மயிலாடுதுறை, குத்தாலம், திருவிடைமருதூர், கும்பகோணம், சுவாமிமலை, திருவையாறு என ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக எதிர்ப்படுகின்றன. கல்லணையையும் கடந்து சென்றால் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே திருவரங்கத் தீவு. அதற்குத் தெற்கே உறையூர்.

இன்று இவ்வழியில் பெரும்பாலோர் பேருந்திலும் காரிலும் விரைந்து செல்கின்றனர். ஆனால் இக்கரையை அடியடியாக நடந்து கடந்த மூவரைத் தமிழிலக்கியம் நமக்குக் காட்டுகிறது. கோவலன், கண்ணகி, கவுந்தியடிகள் என்பார் அம்மூவர். அவர்களுள் கவுந்தியடிகள் அருகன் நெறி நின்ற பெண் துறவி. நம் சமயத்தார்க்குச் சிலப்பதிகாரத்தின்மீது தனிப்பற்று ஏற்பட அவரும் ஒரு காரணம் எனலாம்.

அவர்கள் நடந்த வழியைப் பின்பற்றிச் செல்லும்போது என் உள்ளத்தில் ஓர் அறவினா எழுந்தது. காலடியில் கிடக்கும் நத்தைக்கு இரங்குபவர், எதிரில் நிற்கும் மனிதரைச் சொல்லால் சுடலாமா? சிற்றுயிரைக் காக்கும் பயிற்சி நம்மை மனிதரிடத்தும் இரக்கமுடையவராக ஆக்குகிறதா, அல்லது காலோடு நின்றுவிடுகிறதா? இவ்வினாவை நம் குடும்பங்களின் முன் வைக்க விரும்பியே இதனை எழுதுகிறேன்.

மூவர் நடந்த வழி

சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டத்தில் பத்தாவதாக அமைந்தது நாடுகாண் காதை. பொழுது புலருமுன் புகார் நகரை நீங்கிய கோவலனும் கண்ணகியும், சாரணர் அறவுரை கூறும் அருகன் சிலாதலத்தை வலம் வந்து வணங்கி, நகரின் எல்லையைக் கடந்து, காவிரியின் வடகரை வழியே மேற்கு நோக்கி ஒரு காதம் நடக்கின்றனர். அங்கே ஒரு சோலையில் கவுந்தியடிகளின் பள்ளி இருக்கிறது. அதற்குள் கண்ணகியின் மெல்லடி நோகத் தொடங்கிவிட்டது. மதுரை எது என்று அவள் வினவுகிறாள். இன்னும் முப்பது காதமே, அருகில்தான் என்று கோவலன் தன் துயரத்தை மறைத்துக்கொண்டு விடை கூறுகிறான்.

கவுந்தியடிகள் அவர்கள் வந்த காரணத்தைக் கேட்கிறார். கண்ணகியின் அடிகள் காட்டுவழிக்கு ஏற்றன அல்ல என்று தடுத்துப் பார்க்கிறார். அவர்கள் தங்கள் முடிவில் உறுதியாக நிற்கவே, மதுரையில் மாசற்ற கேள்வியுடையோரிடம் அறம் கேட்டு அறிவனை ஏத்த வேண்டும் என்னும் எண்ணம் தமக்கும் உண்டு என்று கூறி உடன் புறப்படுகிறார். கடிஞையும், தோளில் உறியும், கையில் மயிற்பீலியும் அவருடைய உடைமைகள். பஞ்ச மந்திரமே வழித்துணையாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டு அவர் அடியெடுத்து வைக்கிறார்.

அவர்கள் விரைந்து செல்லவில்லை. நாளொன்றுக்கு ஒரு காதத்துக்கு மேல் நடவாமல், இடையிடையே பல நாள் தங்கிச் சென்றனர் என்கிறார் இளங்கோவடிகள். வழியெங்கும் மதகில் நீர் பாயும் ஒலி, உழவர் பாடும் ஏர்மங்கலப் பாட்டு, களத்தில் நெல் அளக்கும்போது எழும் பாட்டு, நாற்று நடுவோரின் பேச்சும் பாட்டும் என அவர்கள் கேட்டவற்றை எல்லாம் அவர் விரித்துரைக்கிறார். குணவாயிற் கோட்டத்தில் துறவு பூண்டிருந்த ஆசிரியர், அழகைக் காண்பது பாவம் என்று கண்ணை மூடிக்கொள்ளவில்லை. காவிரி நாட்டின் வளத்தை இவ்வளவு விருப்பத்தோடு பாடியவர் ஒரு துறவியே என்பதை நாம் மறத்தல் கூடாது. அழகைக் காணலாம், ஆனால் அழகில் மயங்கி அடி தவறக் கூடாது. கவுந்தியடிகளின் வழியுரை இதைத்தான் கூறுகிறது.

அடிக்காவல்

வழியில் நேரக்கூடிய இடர்களைக் கவுந்தியடிகள் கோவலனுக்கு முன்னதாகவே எடுத்துரைக்கிறார். தோப்பு வழியாகச் சென்றால், வள்ளிக்கிழங்கு அகழ்ந்தெடுத்த குழிகளைச் சண்பகப் பூக்கள் உதிர்ந்து மூடியிருக்கும். பூவென்று மிதித்தால் குழியில் விழ நேரும். குழிக்கு அஞ்சிக் கீழேயே பார்த்துச் சென்றால், தாழத் தொங்கும் பலாப்பழம் தலையில் மோதும். மஞ்சளும் இஞ்சியும் விளைந்த தோட்டத்தில் பலாக்கொட்டைகள் பரல்போல் காலில் உறுத்தும். வயல் வழியாகச் சென்றால், கரும்பில் கட்டிய தேனடை சிதைந்து பொய்கை நீரில் தேன் கலந்திருக்கும். கண்ணகி தாகத்தால் அறியாமல் அதை அள்ளிப் பருகிவிடக்கூடும். களை பறிப்போர் வரப்பில் எறிந்த குவளைப் பூவில் வண்டு இருக்கும். வழிநடை வருத்தத்தால் அதன்மேல் அடி வைத்துவிட நேரலாம். ஆற்றின் கரையோரமாகவே சென்றாலும் புள்ளிகளையுடைய நண்டும் நத்தையும் அடியில் அகப்பட்டு நோவுறும். அத்துன்பம் நம்மால் தாங்க இயலாதது.

இவ்வுரையைக் கூர்ந்து நோக்குக. சாதாரண வழிப்போக்கர் தமக்கு நேரும் இடரை மட்டுமே எண்ணுவர். கவுந்தியடிகளோ கண்ணகிக்கு நேரும் இடரையும், கண்ணகியால் பிற உயிர்க்கு நேரும் இடரையும் ஒரே மூச்சில் சொல்கிறார். குழியும் பலாவும் நடப்பவர்க்குத் தீங்கு. தேனும் வண்டும் நண்டும் நத்தையும் நடப்பவரால் நேரும் தீங்கு. தேனை நாம் ஏன் விலக்குகிறோம் என்பதை நம் இல்லத்துச் சிறுவர்க்கு எடுத்துச் சொல்லவும் இப்பகுதி உதவும்.

துறவியர்க்குரிய ஐந்து சமிதிகளுள் முதலாவது ஈர்யா சமிதி. ஒரு நுகத்தடி அளவு தொலைவு முன்னே நோக்கி, பகலொளியில், பலரும் நடந்து பழகிய வழியில், உயிர்க்கு ஊறு நேராமல் நடத்தலே அதன் இலக்கணம். மழைக்காலத்தில் மண்ணெல்லாம் உயிர் தழைப்பதால் முனிவர்கள் நான்கு மாதம் ஓரிடத்தில் தங்குவதும் இக்கருத்து பற்றியதே. உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சைக்கு இலக்கணம் கூறும்போது, உயிரைப் பிரித்தலை மட்டும் கூறாமல், சோர்வால் அதாவது பிரமாதத்தால் உயிரைப் பிரித்தல் என்று கூறினார். நம் பொன்னூர் மலையோடு தொடர்புபடுத்திப் போற்றப்படும் குந்தகுந்தாசாரியரும், உயிர் இறந்தாலும் இறவாவிட்டாலும் கவனமின்றி நடப்பவனுக்கு இம்சை உறுதி என்றும், சமிதியோடு நடப்பவனுக்குத் தற்செயலாய் நேர்ந்த ஊறு மட்டுமே வினைக்கட்டு ஆகாது என்றும் பிரவசன சாரத்தில் தெளிவுறுத்தினார். ஆகவே அகிம்சையின் வேர் கவனம். கவுந்தியடிகள் காவிரிக் கரையில் கற்பித்தது இக்கவனத்தையே.

அரங்கத்தில் கேட்ட அறம்

இவ்வாறு நடந்து மூவரும் ஆற்றிடைக்குறையாகிய அரங்கத்தை அடைகின்றனர். அங்கே ஒரு சாரணர் தோன்றுகிறார். மூவரும் அவரடி வணங்குகின்றனர். வல்வினை விலகுக என்றால் விலகாது. இட்ட வித்துப் போல விளைந்து வந்து தன் பயனை ஊட்டியே தீரும் என்று அவர் கூறி, அருகனின் திருநாமங்கள் பலவற்றை எடுத்து ஏத்துகிறார்.

அதைக் கேட்ட கவுந்தியடிகள் உள்ளம் உருகித் தலைமேல் கைகூப்பி ஓர் உறுதிமொழி கூறுகிறார். காமம், வெகுளி, மயக்கம் என்னும் மூன்றையும் அவித்தவனுடைய திருமொழிக்கு அல்லாமல் என் செவி திறவாது. காமனை வென்றவனுடைய ஆயிரத்தெட்டு நாமங்களை அல்லாமல் வேறொன்றை என் நா சொல்லாது. அவன் அடியிணையை அல்லாமல் வேறொன்றை என் கண் காணாது என்பது அவ்வுறுதிமொழியின் கருத்து. அருகபக்தியின் உச்சம் இது என்று நம் பெரியோர் இப்பகுதியை ஓதி மகிழ்வர். நானும் அவ்வாறே மாணவியர்க்குக் கற்பித்திருக்கிறேன்.

ஆனால் அடுத்து நிகழ்வதை நாம் அவ்வளவு விருப்பத்தோடு பேசுவதில்லை.

சொல்லில் எழுந்த தீ

சாரணரை வணங்கி விடைபெற்ற மூவரும் ஓடத்தில் ஏறித் தென்கரையை அடைந்து ஒரு பூஞ்சோலையில் இளைப்பாறுகின்றனர். அவ்வழியே ஒரு பரத்தையும் வீண்மொழி பேசும் ஆடவன் ஒருவனும் வருகின்றனர். காமனும் அவன் தேவியும் போல் தோன்றும் இவர்கள் யாவர் என்று அவர்கள் கேட்கின்றனர். இவர்கள் என் மக்கள், வழிநடையால் களைத்திருக்கின்றனர், அருகே செல்லாது அகன்று போங்கள் என்கிறார் கவுந்தியடிகள். உடன்பிறந்தோர் கணவன் மனைவியாய் வாழ்வதும் நீர் கற்ற நூலில் உண்டோ என்று அவர்கள் எள்ளி நகையாடுகின்றனர். கண்ணகி தன் செவிகளைப் பொத்திக்கொண்டு நடுங்குகிறாள்.

கவுந்தியடிகள் சினங்கொள்கிறார். என் பூங்கோதையை இகழ்ந்த இவர்கள் முட்காட்டில் முதுநரிகள் ஆகுக என்று சபிக்கிறார். தவத்தின் ஆற்றலால் அச்சொல் அப்போதே பலிக்கிறது. நரியின் ஊளை கேட்கிறது.

நண்டுக்கும் நத்தைக்கும் இரங்கிய அதே அடிகள். வெகுளியை அவித்தவன் நாமமன்றி வேறு நவிலாது என்று சற்று முன் உறுதி கூறிய அதே நா. இவ்விரண்டையும் ஒரே காதையில் அடுத்தடுத்து வைத்த இளங்கோவடிகளின் நேர்மையை நாம் போற்ற வேண்டும். தாம் வணங்கத்தக்கவராகப் படைத்த துறவியின் வழுவை அவர் மறைக்கவில்லை. காலில் காத்த அறம் நாவில் நழுவியது என்பதை உள்ளவாறே எழுதிவிட்டார்.

அடுத்து நிகழ்வது இன்னும் வியப்புக்குரியது. சபிக்கப்பட்டவர்க்காகப் பரிந்து பேசியவர் யார்? இகழ்ச்சிக்கு ஆளான கோவலனும் கண்ணகியுமே. நெறியின் நீங்கியோர் நீர்மையல்லாதன கூறினாலும் அது அறியாமையால் என்று கொள்ள வேண்டும் அல்லவா, இவர்கள் மீளும் காலத்தை அருளிச் செய்க என்று அவர்கள் வேண்டுகின்றனர். கவுந்தியடிகளும் மனம் நெகிழ்ந்து, உறையூர் மதிற்புறத்துக் காட்டில் பன்னிரண்டு திங்கள் உழன்றபின் பழைய வடிவம் பெறுக என்று சாபத்துக்கு எல்லை வகுக்கிறார். துறவியின் நாவில் தவறிய அகிம்சையை இல்லறத்தார் இருவர் எடுத்து நிறுத்தினர். இல்வாழ்வார் துறவியர்க்கு எல்லா வகையிலும் கீழ்ப்பட்டவர் என்று எண்ணுவோர் இவ்விடத்தை மீண்டும் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும்.

இரண்டு சமாதானங்கள்

இதற்குச் சமாதானம் கூறுவோர் இருவகைப்படுவர். கவுந்தியடிகள் தமக்காகச் சினக்கவில்லை, அடைக்கலமாக வந்த பெண்ணின் மானத்துக்காகச் சினந்தார். அது அறச்சீற்றம் என்பர் ஒரு சாரார். இதில் உண்மை இல்லாமலில்லை. எளியோரை இகழ்வாரைக் கண்டு வாளா இருத்தல் அகிம்சை ஆகாது. தீங்கு செய்ய வருவோரைத் தடுக்கும்போது நேரும் விரோதி இம்சையை இல்லறத்தார்க்கு நம் நூல்கள் முற்றாக விலக்கவில்லை. ஆனால் மாவிரதியாகிய துறவிக்கு அவ்விலக்கு உண்டு. இல்லறத்தார்க்கும்கூடத் தடுப்பது வேறு, தண்டிப்பது வேறு. அகன்று போங்கள் என்றது தடுத்தல். நரியாகுக என்றது தடுத்தல் அன்று.

இழிந்தோர் இழிசொல் கூறினர், தம் வினைப்பயனைத் தாமே பெற்றனர், அடிகள் அதற்கு ஒரு கருவியே என்பர் மற்றொரு சாரார். வினை தன் பயனை ஊட்டும் என்பது மெய். அதற்காக நாம் கருவியாக முன்வர வேண்டியதில்லை. வினை தன் வேலையைத் தானே செய்துகொள்ளும். நம் நாவின் துணை அதற்குத் தேவையில்லை. கஷாயவசப்பட்டவன் பிறரை வருத்துகிறானோ இல்லையோ, முதலில் தன் ஆன்மாவைத் தானே வருத்திக்கொள்கிறான் என்று அமிருதசந்திர சூரி புருஷார்த்த சித்தியுபாயத்தில் கூறியுள்ளார். சினத்தின் முதற்காயம் சினந்தவருக்கே.

என் கருத்தில் இங்குள்ள உண்மை வேறொன்று. நண்டு நம்மை இகழ்வதில்லை. நத்தை நம் குடும்பத்தைப் பற்றி அவதூறு பேசுவதில்லை. எறும்பு நம் சொல்லுக்கு எதிர்ச்சொல் கூறுவதில்லை. ஆதலின் அவற்றிடம் இரக்கம் கொள்வது ஒப்புநோக்க எளிது. அவ்விரக்கத்தில் நாம் உயர்ந்தவர், அவை நம் தயவில் வாழ்பவை என்னும் மெல்லிய பெருமிதமும் கலந்திருக்கக் கூடும். நம்மை இகழ்ந்த ஒருவன் எதிரில் நிற்கும்போதுதான் நம் அகிம்சை எவ்வளவு ஆழம் சென்றுள்ளது என்பது வெளிப்படும். ஈர்யா சமிதியை அடுத்து இரண்டாவதாகப் பாஷா சமிதியை வைத்தனர் நம் முன்னோர். காலைக் காத்தபின் நாவைக் காத்தல் அடுத்த படி. முதற்படியில் நின்றுகொண்டே மலை ஏறிவிட்டதாக நாம் எண்ணிக்கொள்கிறோம்.

நான் சபித்த நாள்

சில ஆண்டுகளுக்கு முன் நானும் என் தங்கையும் பூம்புகார் சென்று, அங்கிருந்து ஊர் ஊராகத் தங்கிக் கும்பகோணத்து ஜிநாலயத்தையும் தரிசித்து, திருவையாறு வந்து சேர்ந்தோம். அதிகாலையில் ஆற்றங்கரை வழியே சிறிது தூரம் நடந்தோம். இரவு பெய்த மழையால் வழி ஈரமாயிருந்தது. ஒரு நத்தை குறுக்கே ஊர்ந்து சென்றது. அது கடக்கும் வரை நான் நின்றேன். என் தங்கை சிரித்து, நத்தைக்கும் வழிவிட்டு நிற்கிறாயே அக்கா, உன்னிடம் படித்த பிள்ளைகள் கொடுத்து வைத்தவர்கள் என்றாள். அன்போடு கூறிய சொல்தான். ஆயினும் எனக்கு அது முள்ளாகத் தைத்தது. ஏனெனில் அச்சொல் கேட்டவுடன் ஒரு சிறுமியின் முகம் என் கண்முன் வந்து நின்றது.

ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம். 1974ஆம் ஆண்டு. ஒரு சிற்றூர்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எனக்கு. வகுப்பறைச் சுவரோரம் எறும்பு வரிசை சென்றால் அதை மிதிக்காமல் தாண்டிச் செல்ல வேண்டும் என்று பிள்ளைகளுக்குக் கற்பித்திருந்தேன். அவர்களும் விளையாட்டுப்போல் அதைக் கடைப்பிடித்தனர். ஒரு சிறுமி நாள்தோறும் காலந்தாழ்த்தி வருவாள். ஒருநாள் அவள் வந்து வாயிலில் நின்றபோது, என்ன காரணம் என்று கேளாமல், எருமை என்று அழைத்து, எருமைக்கு மணி என்ன தெரியும் என்று வகுப்பு முழுதும் கேட்கக் கூறினேன். பிள்ளைகள் சிரித்தனர். அவள் சிரிக்கவில்லை, அழவும் இல்லை.

அப்போது அவளுக்குப் பக்கத்தில் அமரும் பெண் எழுந்து நின்றாள். அவள் தாய் நோயாய்ப் படுத்திருப்பதையும், தண்ணீர் எடுத்து, கஞ்சி காய்ச்சி, தம்பியைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டு அவள் ஓடி வருவதையும் கூறினாள். பத்து வயதுப் பெண் தன் தோழிக்காகப் பரிந்து பேசினாள். நான் என்ன செய்தேன்? கவுந்தியடிகளுக்கு இருந்த நெகிழ்ச்சி எனக்கு இல்லை. சரி, உட்கார் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். கூறிய சொல்லைத் திரும்பப் பெற்றால் பிள்ளைகள் முன் மதிப்புக் குறையும் என்று எண்ணினேன். முன்பு நேர்ந்தது வெகுளி. பின்பு நேர்ந்தது செருக்கு. ஒரு கஷாயம் மற்றொன்றுக்கு எவ்வாறு கதவு திறந்துவிடுகிறது என்பதை அன்று நான் அறியவில்லை.

அவ்வாண்டு முழுதும் அச்சிறுமி காலந்தாழ்த்தி வருவதை நிறுத்திக்கொண்டாள். வகுப்பில் வாய்திறந்து விடை கூறுவதையும் நிறுத்திக்கொண்டாள். தேர்வு முடிந்ததும் பள்ளியை விட்டு நின்றுவிட்டாள். அவள் நின்றதற்கு என் சொல்தான் காரணம் என்று உறுதியாகக் கூற இயலாது. வீட்டுச் சூழ்நிலையே காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் என் சொல் காரணம் அன்று என்றும் என்னால் உறுதியாகக் கூற இயலவில்லை. அடுத்த ஆண்டு நானும் வேறூருக்கு மாற்றப்பட்டேன்.

மனிதரை விலங்காக்க நமக்குத் தவவலிமை தேவையில்லை. கழுதை, எருமை, குரங்கு, நரி என்று நம் இல்லங்களிலும் வகுப்பறைகளிலும் அன்றாடம் எத்தனை சாபங்கள் வழங்குகிறோம்! கவுந்தியடிகள் பன்னிரண்டு திங்கள் என்று எல்லை வகுத்தார். நாம் எல்லை வகுப்பதில்லை. ஆதலால் நம் சொல் கேட்டவர் உள்ளத்தில் அது எத்தனை ஆண்டு உழல்கிறது என்பதை நாம் அறிவதே இல்லை.

நாவின் நற்பயன்

நாவினால் தீமை மட்டுமே விளைவதில்லை. இதே காவிரிக் கரையில் கும்பகோணத்தில் நிகழ்ந்ததை நம் சமூகம் மறக்கலாகாது. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் படிக்கத் தொடங்கியபோது, சமண சமயக் கொள்கைகளும் சொற்களும் விளங்காமல் தவித்தார். அவர் சைவ மரபில் வந்தவர். அவ்வூரில் வாழ்ந்த தமிழ்ச் சமணர்களை நாடிச் சென்று தம் ஐயங்களைக் கேட்டுத் தெளிந்ததை அவரே தம் வரலாற்றில் நன்றியோடு எழுதியுள்ளார். அதன் பயனாக 1887ஆம் ஆண்டு சிந்தாமணியும், பின்னர் 1892ஆம் ஆண்டு சிலப்பதிகாரமும் அச்சேறின.

பிற சமயத்தவர் ஒருவர் வந்து நம் நூலைப் பற்றிக் கேட்கிறார். நமக்குத் தெரிந்ததை அவருக்கு ஏன் சொல்ல வேண்டும் என்று அவர்கள் எண்ணவில்லை, பொறுமையோடு எடுத்துரைத்தனர். அவர்கள் அன்று கடிந்து ஒரு சொல் கூறியிருந்தால் அத்தமிழாசிரியர் திரும்பிச் சென்றிருக்கக் கூடும். இதமாகவும் அளவாகவும் மெய்யாகவும் பேசுதலே பாஷா சமிதி. அச்சமிதியின் பயனாகவே நாமும் இன்று கவுந்தியடிகளைப் பற்றிப் பேசுகிறோம்.

கவுந்தியடிகள் அடைந்த நிறைவு

கவுந்தியடிகளை அவருடைய வழுவோடு விட்டுவிடுவது நீதியாகாது. இளங்கோவடிகளும் அவ்வாறு விட்டுவிடவில்லை. கண்ணகியின் துன்பத்துக்கு இரங்கி, வெயிலைத் தவிர்த்து நிலவொளியில் நடக்கலாம் என்று கோவலன் வேண்டியபோது அவர் இசைந்ததையும், மதுரைப் புறஞ்சேரியில் மாதரியிடம் கண்ணகியைத் தாயினும் மேலான பரிவோடு அடைக்கலம் தந்ததையும் நாம் அறிவோம். அவற்றுக்கெல்லாம் மேலானது வஞ்சிக் காண்டத்தில் நீர்ப்படைக் காதையில் வரும் செய்தி.

கோவலன் கொலையுண்ட செய்தி அறிந்தபோதும் கவுந்தியடிகளுக்குச் சினம் எழுந்தது என்று மாடலன் கூறுகிறான். காவிரிக் கரையில் ஓர் இழிசொல்லுக்கு எழுந்த சினத்தைக் காட்டிலும் இது எத்துணையோ பெரிதாக இருந்திருக்க வேண்டும். ஆனால் தவறிழைத்த மன்னனும் உயிர் நீத்தான் என்பதால் அச்சினம் அடங்கியது. அடங்கிய சினம் பிறர்மேல் பாயவில்லை. இவர்களுடைய வினை என் துணையோடு வந்து உருத்ததோ என்று தம்மையே நோக்கி வினவிக்கொண்டு, உண்ணா நோன்பிருந்து அவர் உயிர் துறந்தார். அவ்விடத்தில் இளங்கோவடிகள் அவரைப் பொறை நிறைந்தவர் என்று குறிப்பிடுகிறார்.

அரங்கத்தின் கரையில் தவறிய பொறை மதுரையில் நிறைந்தது. முன்னர்ப் பிறர் குற்றத்தைக் கண்டு சபித்த நா, பின்னர்த் தன் பங்கு என்ன என்று கேட்டது. இடைப்பட்ட வழியெல்லாம் அவர் நடந்தது கால்நடை மட்டும் அன்று என்பதை இதனால் உணர்கிறோம். துறவியர்க்கும் வழி நெடியது. நாளொன்றுக்கு ஒரு காதமே கடக்க முடியும். இல்லறத்தாராகிய நமக்கு அது இன்னும் நெடியது.

நாம் செய்யத்தக்கது

பத்து அறங்களுள் முதலாவது உத்தம க்ஷமை. தசலக்ஷண விழா முடிந்ததும் ஒருவரை ஒருவர் வணங்கி மன்னிப்பு வேண்டுகிறோம். எண்பத்து நான்கு லட்சம் யோனிபேதத்து உயிர்களிடமும் மன்னிப்புக் கேட்கிறோம். ஆண்டுதோறும் நானும் அவ்வாறே கூறி வந்துள்ளேன். அத்தனை உயிர்களிடமும் கேட்ட நான், 1974ஆம் ஆண்டு என் வகுப்பில் இருந்த அந்த ஒரு சிறுமியிடம் கேட்கவில்லை. இன்று அவள் பேரன் பேத்தி எடுத்த மூதாட்டியாக இருக்கலாம். எங்கிருக்கிறாள் என்று தெரியவில்லை. விசாரித்துப் பார்த்தேன், அந்தக் குடும்பம் ஊரைவிட்டுப் போய்விட்டது என்று மட்டுமே கூறினர். பொதுவாகக் கேட்பது எளிது. பெயர் சொல்லி, இன்ன சொல்லுக்காக என்று கேட்பதே அரிது. அரியதைச் செய்ய வேண்டிய காலத்தில் நான் செய்யவில்லை.

ஆதலின் இதைப் படிக்கும் தாய்மார்களுக்கும் தந்தையர்க்கும், குறிப்பாக ஆசிரியப் பணியில் உள்ளோர்க்கும் ஒரு விண்ணப்பம். நம் பிள்ளைகளுக்கு எறும்பைத் தாண்டிச் செல்லக் கற்றுக்கொடுங்கள். அது நல்ல தொடக்கம். அதோடு நின்றுவிடாமல், ஆறு வயதுப் பிள்ளை தன் தம்பியை விலங்கின் பெயரால் அழைக்கும்போது, எறும்பை மிதித்தால் எவ்வளவு வருந்துவீர்களோ அவ்வளவு வருந்தி அதைத் திருத்துங்கள். நீங்களே அவ்வாறு அழைத்துவிட்டால், காரணம் கூறித் தப்பிக்காமல், பிள்ளையிடமே மன்னிப்புக் கேளுங்கள். அதனால் மதிப்புக் குறையாது. குறைந்தாலும் அது குறையத் தக்கதே.

பூம்புகாருக்கோ கும்பகோணத்துக்கோ செல்ல நேர்ந்தால், இயன்றவர்கள் காலைப்பொழுதில் காவிரிக் கரையில் சிறிது தூரம் நடந்து பாருங்கள். நீரின் அழகையும் கரையின் பசுமையையும் காணுங்கள். இளங்கோவடிகளே கண்டு மகிழ்ந்த அழகு அது. இடையிடையே காலடியையும் நோக்குங்கள். நத்தை எதிர்ப்பட்டால் வழிவிட்டு நில்லுங்கள். அவ்வாறு நிற்கும் சிறுபொழுதில், நம் நாவினால் மிதிபட்டவர் யாரேனும் நினைவுக்கு வந்தால், அவர் இருக்குமிடம் தெரிந்திருக்கும்போதே சென்று கேட்டுவிடுங்கள்.

ஜிநதர்மம் வாழ்க.